வாவு வீட்டு மாப்பிள்ளை நாற்காலி

ராமநாதபுரம் அருங்காட்சியகத்தின் மாடிக் கூடத்தில் அன்று மாலை இருந்தவர்கள் இவர்கள்தாம்: கீழக்கரை வாவு முகம்மது, அவருடைய மனைவி மாஷிதா, தங்கை மெஹருன்னிசா, தங்கையின் கணவர் காஜா நவாஸ், கண்காட்சியைப் பொறுப்பேற்று நடத்திய நயினார்கோவில் பெண் யுவராணி, அருங்காட்சியகக் காவலர் மூக்கையா. வேறு யாரும் இல்லை. டீ கொண்டுவந்த வினோத்குமார் வாசற்படியோடு நின்றவன். அவன் கண்டது பாதி, அதுவும் கடைசிப் பாதி. அவனை இருந்தவர்களில் சேர்க்க முடியாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே தானும் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் கூட்டினால் அந்தக் கூடம் கொள்ளாது.

கண்காட்சி அபிராமத்துத் தவசியைப் பற்றியது. தவசி கட்டடக் கலைஞர். மெட்ராஸிலும் அப்புறம் வெளிநாட்டிலும் படித்துவிட்டு வந்து, தூணும் வளைவும் பூவேலையும் இல்லாமல், வெயிலும் காற்றும் எந்தப் பக்கம் வருகிறது என்பதை மட்டும் பார்த்து வீடு கட்டியவர். வீடு முடிந்த பிறகும் விடமாட்டார். அதற்குள் கிடக்கப்போகும் நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் தானே வரைந்து, தானே பக்கத்தில் நின்று செய்வித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். உயிரோடு இருந்தபோது அவரை 'மொட்டைச்சுவர் தவசி' என்று கேலி செய்த மாவட்டம், அவர் போய்ப் பல வருஷம் கழித்து, அவர் செய்த மரச்சாமான்களைத் தேடிப்பிடித்து விளக்குப் போட்டு வைத்திருந்தது. நூலக வாசிப்பு மேசை ஒன்று, சிக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒன்று, சுவரோடு மடிந்துகொள்ளும் கட்டில் ஒன்று. மறுநாள் காலை திறப்பு விழா. சாமான் கொடுத்த குடும்பத்தார் முதல் நாள் மாலையே வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று யுவராணி சொல்லி அனுப்பியிருந்தாள்.

படியேறி வந்த வாவு முகம்மது மேசையையும் பார்க்கவில்லை, கட்டிலையும் பார்க்கவில்லை. எழுபதைத் தாண்டி வெகுநாளாகியும் கோடு போட்டது போல நிமிர்ந்த முதுகு அவருக்கு. ஆள் நல்ல உயரம். தொழுகையில் குனிவதைத் தவிர வேறெங்கும் வளையாத முதுகு என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அந்த முதுகோடு நேராகக் கூடத்தின் நடுவுக்குப் போய் நின்றார்.

அங்கே, முழங்கால் உயர மரப்பீடத்தின்மேல், மேலேயிருந்து ஒற்றை விளக்கு விழ, நாற்காலி இருந்தது. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல். ஓர் ஆணி கிடையாது. முன்கால் இரண்டும் லேசாகச் சரிந்து இறங்கும். முதுகுச் சாய்வு இடுப்புக்கு நேரே கொஞ்சம் முன்னால் வந்து, தோளுக்கு நேரே பின்வாங்கும். பார்க்கிறவனுக்கே உட்கார்ந்த சுகம் வரும்.

பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது: 'மாப்பிள்ளை நாற்காலி. தேக்கு, பிரம்பு. கீழக்கரை காஜா நவாஸ் இல்லம்.'

வாவு முகம்மது அதை இரண்டாம் தடவை படிக்கவில்லை. முதல் தடவையிலேயே வயிறு எரிந்துவிட்டது.

கீழக்கரைக் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. கட்டிக்கொள்கிறவர்தான் பெட்டியோடு வந்து சேர்வார். ஆணாகப் பிறந்தவன் வளர்ந்து வேறொரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விடுவான். அங்கே யாருக்கும் அது குறையாகப் பட்டதில்லை. வாவு முகம்மதுக்கும் வீடு தங்கைக்குப் போனதில் குறையில்லை. நாற்காலி போனதில்தான் குறை.

அவருடைய வாப்பா, வாவு வீட்டு ஹமீது சுல்தான், சங்கு வியாபாரத்தில் பெயரெடுத்தவர். மகளுக்காகக் கட்டிய வீட்டுக்குத் தவசியை அழைத்ததே அப்போது ஊரில் பேச்சு. வீடு முடியும் தறுவாயில் மெஹருன்னிசாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை காஜா நவாஸ் கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். பேசிமுடித்தவர்கள் கொண்டுவந்தது மார்பளவுப் படம் ஒன்று. அதில் தொப்பியும் மீசையும் எடுப்பாக இருந்தன. மாப்பிள்ளை முதல் நாள் வந்து உட்காரும் நாற்காலிதான் பெண்வீட்டுக்கு முகம் என்பதால், அதையும் தவசியே செய்யட்டும் என்றார் ஹமீது சுல்தான்.

"உக்காரப் போறவரோட அளவு வேணுமே?" என்று தவசி கேட்டார்.

"சம்மந்தக்காரங்க வீட்டுல போயி அளவு கேக்கவா? நான் என்ன தையக்காரனா?" என்றார் ஹமீது சுல்தான். "மாப்பிள்ளைக்கும் என் மகனுக்கும் ஒரே வயசு. இந்தா நிக்கிறான், இவனை அளந்துக்குங்க."

தவசி அளந்த விதம் வேறு யாரும் அளக்காத விதம். வீட்டு முற்றத்தில் கடற்கரை மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, குவித்துத் தட்டி, வாவு முகம்மதை அதில் சாய்ந்து உட்காரச் சொன்னார். "விறைப்பா உக்காராதீங்க தம்பி. யாரும் பாக்கலன்னு நெனச்சு உக்காருங்க." எழுந்தபோது ஈர மணலில் அவருடைய முதுகு அப்படியே பதிந்து கிடந்தது: இடுப்பின் வளைவு, தோள்பட்டை இரண்டு, நடுவில் தண்டுவடத்தின் வரி. தவசி மண்டியிட்டு அந்தப் பள்ளத்தை நாடா வைத்து அளந்தார். பிறகு குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நல்ல முதுகு" என்றார்.

அந்த இரண்டு சொல்லை வாவு முகம்மது அதன்பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

நாற்காலி லாரியில் வந்து இறங்கியபோது அதை உள்ளே தூக்கிப்போனவர் அவர்தான். நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, ஒரு கை அதன்மேல் கிடக்க, ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்று நினைத்து முடிப்பதற்குள் வாப்பாவின் குரல் வந்தது. "எலே, அது மாப்பிள்ளைக்கு."

மாப்பிள்ளை ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி வந்தார். நிக்காஹ் முடிந்து, சபை நிறைந்திருக்க, அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர், கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு காலையும் மேலே இழுத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளை சுல்தானாட்டம்ல உக்கார்றாரு!" என்று யாரோ சொல்ல, சபை சிரித்தது. ஹமீது சுல்தானுக்கும் சிரிப்பு. வாவு முகம்மது மட்டும் சிரிக்கவில்லை. தன் முதுகின்மேல் ஒருவன் ஏறிக் காலைத் தூக்கி வைத்தது போலிருந்தது அவருக்கு.

அடுத்த வருஷம் அவரும் மாஷிதாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனார். அங்கே அவருக்கு மதுரையில் வாங்கிய ரெக்சின் சோபா போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் இடுப்பளவு புதைகிற சோபா. அதில் எவனும் நிமிர்ந்து உட்கார முடியாது.

மாப்பிள்ளை நாற்காலியில் மாப்பிள்ளையைத் தவிர வேறு யாரும் உட்காரும் வழக்கமில்லை. பெண்ணின் உடன்பிறந்தவன் உட்காரவே கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகை முடித்துத் தங்கை வீட்டுக்குப் போவார் வாவு முகம்மது. கதவைத் தட்டினால் உடனே திறக்காது. உள்ளே தரையில் என்னவோ கரகரவென்று இழுபடும் சத்தம் கேட்கும். பிறகுதான் மெஹருன்னிசா வந்து திறப்பாள். உள்ளே மாப்பிள்ளை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், "வாங்க மச்சான்" என்பார். வாவு முகம்மது எதிரே ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, பலகாரம் தின்று, பேச்சு முடித்துத் திரும்புவார். வழியெல்லாம் அந்தச் சத்தத்தை மெல்லுவார். உடன்பிறந்தவன் கண்ணில் படாமல் எதை ஒளிக்கிறார்கள்? வெளிநாட்டுச் சாமானா? காஜா நவாஸ் தன்னைவிட ஒரு தலை குள்ளம் என்பது அவருக்குத் தெரியும். அதை நினைத்து அவ்வப்போது திருப்திப்பட்டதும் உண்டு. அதற்குமேல் அந்தக் குள்ளத்தைப் பற்றி அவர் யோசித்ததில்லை.

இப்போது அந்த நாற்காலி மாவட்டத்துக்கே நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதுவும் காஜா நவாஸின் பெயரோடு.

"இந்த அட்டை யாரு எழுதினது?" என்று கேட்டார்.

யுவராணி கையில் கேமராவோடு ஓடிவந்தாள். "நாந்தான் அய்யா. தப்பு ஏதும் இருக்கா?"

"இருக்கிறதுல தப்பில்ல. இருக்க வேண்டிய ஒண்ணு இல்ல."

"சொல்லுங்க, மாத்திரலாம். இது சும்மா ஒட்டி வச்சிருக்கது. சரியானதை இனிமேத்தான் அச்சுக்குக் குடுக்கணும்."

"எழுதிக்கம்மா. 'வாவு முகம்மதின் முதுகை அளந்து செய்தது.' அவ்வளவுதான். நான் சாமான் கேக்கல, உரிமை கேக்கல. என் முதுகுக்கு என் பேரைக் கேக்குறேன்."

"அட ரப்பே, இங்கனயுமா?" மாஷிதா தலையிலிருந்த சேலை முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எங்க வாப்பா போட்ட சோபாவுல அம்பது வருஷமா உக்காந்துட்டு, இன்னும் ஊரான் வீட்டு நாற்காலியப் பாத்துப் பெருமூச்சு விடுற மனுசன் ஒருத்தரு கீழக்கரையில உண்டுன்னா, அது இவருதாம்மா."

"ஊரான் வீடா? அது எங்க வாப்பா கட்டுன வீடு."

"கட்டுனவரு மாப்பிள்ளைக்குன்னுதான் நாற்காலி போட்டாரு. மகனுக்குன்னு போடல."

மூக்கையா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பதற்கு அருங்காட்சியகத்தில் வேறு இடமில்லை.

அப்போதுதான் படியில் காலடி கேட்டது. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி, ஒரு படிக்கு ஒரு தடவை நின்று, காஜா நவாஸ் ஏறிவந்தார். அவருக்கு முட்டி இரண்டும் தேய்ந்துபோய்ச் சில வருஷமாகிறது. பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், மெஹருன்னிசா.

"வாங்க மச்சான், முன்னாடியே வந்துட்டீங்களா?" என்றார் காஜா நவாஸ்.

"என் சாமானு இங்கன வந்திருக்கு. பாக்க வரணும்ல, மாப்பிள்ளை."

யுவராணி காஜா நவாஸை நாற்காலியிடம் அழைத்துப்போனாள். அவளுக்கு இந்த நாற்காலியில் ஒரு விஷயம் பிடிபடாமல் இருந்தது.

"அய்யா, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உக்கார்ற இடத்துப் பிரம்பு பலதடவை தேஞ்சு, மாத்திப் பின்னியிருக்கு. ஆனா முதுகுப் பின்னலு தவசி அய்யா காலத்துது. இழை கூடக் கறுக்கல, யாருமே சாஞ்சது மாதிரி இல்ல. இந்தச் சாய்வுதான் அவரு வேலையிலேயே பெரிய வேலைன்னு படிச்சவங்க எல்லாம் எழுதுறாங்க. நீங்க சாயவே மாட்டீங்களா?"

"நமக்குச் சாயிற பழக்கம் இல்லம்மா."

வாவு முகம்மதின் காது சூடேறியது. மணலில் தான் பதித்த பள்ளம். 'நல்ல முதுகு' என்று ஒரு கலைஞன் சொன்ன பள்ளம். அது கையில் கிடைத்தும் சாயக்கூட மனமில்லாமல் ஒருவர் ஐம்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறார்!

"சுவத்துல மாட்ட ஒரு படம் எடுக்கணும் அய்யா. நீங்க அதுல உக்காந்த மாதிரி" என்றாள் யுவராணி.

"நானா? வேண்டாம்மா. நாற்காலியை மட்டும் எடும்மா."

"உக்காந்தவரு இல்லாம நாற்காலிக்கு என்ன அய்யா கதை?"

மெஹருன்னிசா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையசைத்தார். மூக்கையா ஒரு சின்ன மர ஸ்டூலைக் கொண்டுவந்து பீடத்தை ஒட்டிப் போட்டார். அதில் ஏறி, மூக்கையாவின் தோளைப் பிடித்து, பீடத்துக்குப் போய், காஜா நவாஸ் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், ஒரு முட்டியைக் கையால் தூக்கி மடக்கினார். அது முறிகிற மாதிரி சத்தம் கொடுத்தது. மற்றதையும் மடக்கினார். முகம் ஒரு நொடி சுருங்கி, பிறகு பழையபடி ஆனது. சம்மணம்.

யுவராணி கேமராவைத் தாழ்த்தினாள். "காலை ரெண்டையும் கீழ விடுங்க அய்யா. முன்காலு சரிவு மறையுது."

"இப்படியே எடும்மா."

"ஒரே ஒரு படம் அய்யா."

"விட மாட்டாரும்மா!" என்றார் வாவு முகம்மது. குரல் கூடத்தின் நாலு சுவரிலும் பட்டது. "அம்பது வருஷமா விடல. எங்க வாப்பா எதிர்ல உக்காந்தப்பவும் விடல. அவரு மவுத்தாகி, ஊரு கூடி ஓதுன அன்னைக்கும் அதுல ஏறிச் சம்மணம் போட்டுத்தான் உக்காந்தாரு. தரையில காலு பட்டா மாப்பிள்ளை அந்தஸ்து குறைஞ்சு போயிரும்ல! மாமனாருக்குக் குடுக்காத மரியாதையா இவருக்குக் கிடைக்கப் போகுது?"

"காக்கா, போதும்" என்று அண்ணனைத் தடுத்தாள் மெஹருன்னிசா.

"எது போதும்? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாரேன். கதவத் தட்டுனா உள்ள எதையோ இழுத்து ஒளிக்கிற சத்தம். நான் என்ன கடன்காரனா, திருடனா? உடன்பொறந்தவன் கண்ணு பட்டாக் கரைஞ்சு போற பொருளு என்ன வச்சிருக்க நீ?"

மெஹருன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது. "நான் சொல்லிரவா?" என்று கணவரைக் கேட்டாள்.

"நீ என்னத்தச் சொல்ல" என்றார் காஜா நவாஸ்.

வலது காலைக் கையால் தூக்கிக் கீழே விட்டார். பிறகு இடது காலை. இரண்டும் தொங்கின. பாதத்துக்கும் பீடத்துக்கும் நடுவில் நாலு விரற்கடை வெறும் காற்று. பின்னால் நகர்ந்து சாயப் பார்த்தார். பாதம் இரண்டும் நேரே முன்னால் நீட்டிக்கொண்டன, அலமாரியில் வைத்த பொம்மை போல. உடனே முன்னுக்கு வந்துவிட்டார். முதுகு அந்தப் பின்னலைத் தொடவே இல்லை.

மூக்கையாவுக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வயதானவர் கால் தொங்குகிறதே என்று, தரையிலிருந்த ஸ்டூலைப் பீடத்தின்மேல் தூக்கி வைத்து, அவர் காலுக்கு அடியில் தள்ளினார். மரத்தோடு மரம் உரசி, கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

வெள்ளிக்கிழமைச் சத்தம்.

வாவு முகம்மது தங்கையைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இவரு காலு வைக்கிற ஸ்டூலைக் கட்டிலுக்கு அடியில தள்ளுவேன் காக்கா. நீங்க பாத்துரக் கூடாதுன்னு."

"நிக்காஹ் அன்னைக்கே உக்காந்த ஒடனே தெரிஞ்சுபோச்சு மச்சான்" என்றார் காஜா நவாஸ். "சபை முழுக்க எங்க ஊட்டு ஆளுங்க. காலு தொங்கிச்சுன்னா மாப்பிள்ளை குள்ளம்னு சிரிப்பாங்க, அது போகட்டும், அது உள்ளதுதான். ஆனா பெண்வீட்டுக்காரங்க அளவு தெரியாம நாற்காலி போட்டாங்கன்னும் பேசுவாங்கள்ல? அதான் சட்டுனு காலைத் தூக்கிட்டேன்."

"அப்பறமா நாலு விரக்கடை அறுத்துக் குறைச்சிருக்கலாமே?" மாஷிதாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஆசாரி இல்லாத ஊரா?"

"மாமா மறுநாளே கேட்டாரு, 'வசதியா இருக்கா மாப்பிள்ளை?'ன்னு. 'ராஜாவாட்டம் இருக்கு மாமா'ன்னு சொல்லிட்டேன். சொன்ன பெறகு அறுக்க முடியுமா மச்சி? ஆசாரி வாயி சும்மா இருக்குமா?" மாஷிதாவிடமிருந்து திரும்பி அவர் வாவு முகம்மதைப் பார்த்தார். "உங்க முதுகு இருந்த பள்ளத்துல என் முதுகு ஒரு நாளும் பட்டதில்ல மச்சான். அது இன்னைக்கு வரைக்கும் உங்களுதாத்தான் இருக்கு. அட்டையில உங்க பேரை எழுதச் சொல்லுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

யுவராணியின் முகம் விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "அய்யா, இதைவிடப் பெரிய கதை இந்தக் கண்காட்சியிலயே இல்ல! ஒருத்தரை அளந்து செஞ்ச நாற்காலியில இன்னொருத்தரு வாழ்நாள் பூரா... இதை அப்படியே எழுதுறேன். வாவு முகம்மது அவர்களின் முதுகை அளந்து செய்தது, அளவு பொருந்தாத மாப்பிள்ளை காஜா நவாஸ்..."

"எழுதக் கூடாது" என்றார் வாவு முகம்மது.

"நீங்கதானே அய்யா கேட்டீங்க?"

"கேட்டேன். இப்ப வேண்டாங்கிறேன்."

ஐம்பது வருஷம் கேட்க நினைத்தது, ஒரு வார்த்தை சொன்னால் நாளைக் காலை விளக்கின் கீழே அச்சில் இருக்கும். மாவட்டமே படிக்கும். துபாயிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்குப் படம் போகும். ஆனால் தன் பெயரைப் படிக்கிறவன், அதே வரியில், ஹமீது சுல்தான் வருகிற மாப்பிள்ளையின் அளவைக் கேட்கத் தெரியாதவர் என்றும் படிப்பான். தன் முதுகு வெளியே வந்தால் வாப்பாவின் தலை குனியும். இரண்டும் ஒரே அட்டையில்தான் வரும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று அவருக்குள் ஏறியது. வாவு வீட்டின் மானத்தை இத்தனை காலமும் காத்தது யார்? பெயரைச் சுமந்து நிமிர்ந்து நடந்த மகன் இல்லை. வெள்ளிக்கிழமை வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போன மகன் இல்லை. வந்த மாப்பிள்ளை. காலை மடக்கி, முட்டி தேய, வாயைத் திறக்காமல். நாற்காலியைக்கூட விட்டுவிடலாம், இதையும் இந்த மனிதர் தட்டிக்கொண்டு போய்விட்டாரே! நாற்காலிக்காகப் பட்ட பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது அவருக்கு.

"எழுதிக்கம்மா" என்றார். முதுகு எப்போதும் போல நிமிர்ந்திருந்தது. குரல்தான் கொஞ்சம் இறங்கியிருந்தது. "'கீழக்கரை வாவு வீட்டார் தங்கள் மாப்பிள்ளைக்கென்று செய்வித்த நாற்காலி.' கீழே மாப்பிள்ளை பேரு. வேற ஒரு சொல்லு வேண்டாம். முதுகுப் பின்னலைப் பத்தி எவனாவது கேட்டா, மாப்பிள்ளைக்குச் சாயிற பழக்கம் இல்லன்னு சொல்லு."

யுவராணி வாயைத் திறந்தாள். மாஷிதா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். யுவராணி சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

"படத்தை எடு" என்றார் வாவு முகம்மது. "மூக்கையா, அந்த ஸ்டூலை எடுப்பா. மாப்பிள்ளை, காலை மேல போடுங்க."

காஜா நவாஸ் காலை மடக்கினார். முட்டி மறுபடி சத்தம் கொடுத்தது. இந்தத் தடவை வாவு முகம்மது அதைக் கேட்டார். படம் எடுத்தாயிற்று.

இறங்கும்போதுதான் வம்பு. பீடத்தின் உயரமும் நாற்காலியின் உயரமும் சேர்ந்து, மடக்கிய முட்டி நிமிராமல், காஜா நவாஸ் பாதி எழுந்து பாதியில் நின்றுவிட்டார். முன்னால் சாய்ந்தார். மெஹருன்னிசா "யா அல்லாஹ்!" என்று கத்திவிட்டாள். வாவு முகம்மது இரண்டு எட்டில் பீடத்தருகே போய், அவருடைய அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, ஆளை அப்படியே தூக்கித் திருப்பித் தரையில் நிறுத்தினார். அந்த வயதில் அது அவருக்கே ஆச்சரியம். தூக்கிய விசையில் மூக்கையா எடுத்து ஓரமாக வைத்திருந்த ஸ்டூல் காலில் பட்டு உருண்டது. சரியாக அந்த நேரத்தில்தான் வினோத்குமார் டீத் தட்டோடு வாசலில் வந்து நின்றான். நின்றவன், கண்டதைக் கண்டு, தட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டுக் கீழே ஓடிப்போனான்.

"கனமே இல்லையே, மாப்பிள்ளை. என் தங்கச்சி சோறு போடுறாளா இல்லையா?" என்றார் வாவு முகம்மது, மூச்சு வாங்கிக்கொண்டே.

"போடுறா மச்சான். நீங்க வர்ற வெள்ளிக்கிழமை மட்டும் பலகாரத்தைப் பாதி உங்களுக்குக் குடுத்துர்றா."

நாற்காலி காலியாக இருந்தது. விளக்கு அதன் முதுகுப் பின்னலில் விழுந்து, பதிந்தவர் இப்போதுதான் எழுந்துபோனது போலப் பள்ளத்தைக் காட்டியது. காஜா நவாஸ் அதையும் மச்சானையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஏறி உக்காருங்க மச்சான். ஒரு தடவை. யாரும் பாக்கல."

வாவு முகம்மது கையை நீட்டினார். உள்ளங்கை பின்னலின் வளைவில் ஒரு கணம் அமர்ந்தது. இடுப்பு எங்கே, தோள் எங்கே என்று கைக்கே தெரிந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"அது மாப்பிள்ளைக்கு" என்று சொல்லிவிட்டு, மாஷிதாவைக் கூப்பிட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவர்கள் கார் கீழக்கரைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. வாவு முகம்மது நாற்காலிப் பொறாமையில் அருங்காட்சியகத்துக்கே போய், தங்கை மாப்பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்கிக் கீழே எறிந்துவிட்டார் என்று டீக்கடையில் ஆரம்பித்தது, பள்ளிவாசல் வாசலில் வளர்ந்து, கொழும்பு வரைக்கும் போனில் போயிற்று. நாற்காலியின் ஒரு கால் உடைந்ததாகவும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள்.

நாற்காலி உடையவில்லை. நாலு காலோடும் ராமநாதபுரத்தில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். வாவு முகம்மது தங்கை மாப்பிள்ளையைத் தூக்கி எறியவில்லை. இறக்கிவிட்டார்.